மௌனம் நலத்திற்கு அறிகுறியாமோ?

சென்ற தவணையில் ஒரு சனிக்கிழமை நமது கல்லூரிக் கணினிக் கூடத்தின் இணையத் தொடர்பு அற்றுப்போயிற்று. அன்றிரவு தானாகவே செல்ல வேண்டிய மாணவர் புள்ளிப் பட்டியல் செல்லவில்லை. கடைசி நாளோ ஞாயிறு. திங்கட் காலை வரை எவரும் இதனை அறிந்திலர். கூடத்தைக் கவனிக்கும் இளைஞரை வினவினோம். "பழுதென்றால் எனக்கு அறிவித்தல் வந்திருக்கும், ஐயா. ஒன்றும் வரவில்லை, எல்லாம் சரியென்றே இருந்துவிட்டேன்" என்றார். அவர்மீது நாம் சினங்கொள்ளவில்லை. அவ்வண்ணம் நினைந்து ஏமாந்தோர் உலகிற் பலர்.

வலையமைப்புச் சாதனங்களாகிய ரவுட்டர், சுவிச் முதலியன வாயில்லாப் பொருள்கள் அல்ல. ஓர் இணைப்பு அறுந்தாலும், மீண்டும் பொருந்தினாலும், அவை தலைமைக் கணினிக்குச் செய்தி விடுக்கும். இதற்கென அமைந்த எஸ்.என்.எம்.பி. என்னும் விதிமுறை 1988இல் வெளியாயிற்று. சாதனம் தானே முன்வந்து அனுப்பும் செய்தியை அதில் 'டிராப்' என்பர். சிஸ்லொக் என்னும் பிறிதொரு முறை செய்திகளை 0 முதல் 7 வரை தரம் பிரிக்கும். 0 பேராபத்து, 7 வெறும் பரிசோதனைக் குறிப்பு. எண் சிறுக அபாயம் பெருகும் என்பதை மாணவர் மனத்திருத்துக. தலைகீழாய் எழுதுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

இவை யாவும் நிகழ்வு முகாமைத்துவத் தொகுதி என்னும் ஓரிடத்திற் சேரும். பெரிய கேபிள் ஒன்று அறுந்தால் அதனைச் சார்ந்த சாதனங்கள் பற்றியெல்லாம் முறைப்பாடுகள் குவியும். அத்தொகுதி அவற்றைச் சலித்து, மூலகாரணத்தை மாத்திரம் உத்தியோகத்தர் முன் வைக்க முயலும். ஒருவர் மரித்த செய்தியைப் பத்துப்பேர் வந்து கூறினும் மரணம் ஒன்றே அல்லவா?

ஆயின், டிராப் செய்தி சாதாரண தபாலைப் போன்றது. பதிவுத் தபால் அன்று. வழியிலே தொலைந்தால் அனுப்பியவனும் அறியான், பெறவேண்டியவனும் அறியான். பெற்றுக்கொண்டேன் என மறுமொழி வேண்டும் 'இன்ஃபோம்' என்னும் வகை இரண்டாம் பதிப்பிலேதான் வந்தது. அதுவும் என் செய்யும்? உள்ள ஒரே பாதை அறுந்த செய்தியை அப்பாதை வழியே அனுப்புதல் எங்ஙனம்? மின்சாரம் அற்றுப்போகும் கணத்தில் ஒரு சொல் சொல்லி அடங்கும் சாதனங்கள் சில உண்டு; எல்லாவற்றிற்கும் அந்தப் பேறு இல்லை.

கேட்கும் காதே அடைத்துப்போவதும் உண்டு. 2003 ஓகஸ்ட் 14ஆந் திகதி பிற்பகல் 2.14க்குச் சற்றுப் பின், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து மின்சாரக் கம்பனியொன்றின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் நின்றுவிட்டது. நின்றதென்பதை அறிவிக்க ஒன்றுமில்லை. திரையில் புதிய எச்சரிக்கை தோன்றாமையை உத்தியோகத்தர் அமைதி என்று கொண்டனர். வெளியிலோ, உயரழுத்தக் கம்பிகள் தாழ்ந்து மரங்களிற் பட்டு ஒவ்வொன்றாய்த் துண்டிக்கப்பட்டன. அயற் கம்பனியார் தொலைபேசியிற் கூறியும் தம் திரையையே நம்பினர். மாலை 4 மணி கடந்து சில நிமிடங்களில் எட்டு மாநிலங்களிலும் கனடாவின் ஒன்ராறியோவிலுமாக ஏறத்தாழ ஐந்து கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர்.

ஆகவேதான் வலையமைப்புக் காப்போர், செய்தி வருமெனக் காத்திராது தாமே சென்று வினவும் முறையையும் உடன்வைத்திருப்பர். நமது இளைஞரும் இப்போது கல்லூரிக்கு வெளியேயுள்ள கணினியொன்று ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை நமது ரவுட்டரை வினவுமாறு ஏற்பாடு செய்துள்ளார். மும்முறை விடை வராவிடின் அவருடைய கைபேசி ஒலிக்கும்.

வகுப்பில் இதனைக் கூறினோம். பின்வாங்கிலிருந்த மாணவியொருத்தி, "அந்தக் கணினியே நின்றுவிட்டால், சேர்?" என்றாள். இளைஞரிடம் சென்று அதையே கேட்டோம். சற்று யோசித்தார். மறுநாள் முதல் காலை ஆறு மணிக்கு அக்கணினியிலிருந்து 'நலம்' என்றொரு செய்தி அவருக்கு வருகிறது. வாராத காலையில், தேநீரை வைத்துவிட்டு அதனைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.