வேலியில்லாத காணி ஒன்று வேண்டும்

யாழ்ப்பாணத்தார் வேலிக்குப் பெயர் பெற்றவர்கள். ஒரு முழ எல்லைக்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடி, அவ்வழக்கின் செலவுக்கே காணியை ஈடுவைத்த கதைகள் நம் ஊர்கள் அறியாதன அல்ல. தன் காணியை இத்துணைக் கருத்தோடு காக்கும் ஒரு சமூகம், எல்லோருக்கும் உரிய காணியை மட்டும் எவருக்கும் உரியதன்று எனக் கைவிடுவது ஏன்?

நகரின் பொதுவெளிகளை எண்ணிப் பாருங்கள். ஒரு கைவிரல்களுக்குள் அவை அடங்கிவிடும். கோட்டைக்கு முன்னே முற்றவெளி. பொதுநூலகத்துக்கு அயலே சுப்பிரமணியம் பூங்கா. சுண்டிக்குளியில் பழைய பூங்கா. கோட்டைப் பீரங்கிகளின் பார்வைக்குத் தடையிருக்கலாகாது என்று அந்நியர் வெறுமையாய் விட்ட நிலமே பின்னர் நம் மக்கள் கூடும் முற்றவெளியாயிற்று. 1974 ஆம் ஆண்டு தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாளில் உயிரிழந்தோரின் நினைவையும் அம்மண் தாங்கி நிற்கின்றது. சுப்பிரமணியம் பூங்காவோ போரிலே பாழாகி, மீண்டும் சிறுவரின் சிரிப்பொலியைக் கேட்கப் பெற்றது.

பழைய பூங்காவின் வரலாறு தனித்துச் சொல்லத்தக்கது. 1829 முதல் 1867 இல் மறையும்வரை, சிறிய இடைவெளி நீங்கலாக, வடபகுதியை நிருவகித்த பேர்சிவல் அக்லண்ட் டைக் என்னும் ஏசண்டர் உருவாக்கிய சோலை அது. அவருடைய ஆட்சிமுறையைப் போற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் அவர் காலத்துக் கச்சேரிக் கட்டடம் போரில் இடிந்தொழிந்தது. மரநிழலோ எஞ்சி நின்றது. இன்று ஆளுநர் செயலகமும் பழைய பூங்கா என்னும் முகவரியிலேயே இருக்கின்றது. இடம் போதவில்லை என்றதும் அதிகாரத்தின் கண் பூங்காவின் மேல் விழுவது எவ்வூரிலும் காணும் வழக்கம். மரம் மனுக் கொடாது, நிழல் வாக்களியாது.

போரில் அழிந்த நகருக்குக் கட்டடங்கள் வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும், எவரும் மறுக்கார். ஆனால் கட்டடத்தை மாடி மேல் மாடியாக உயர்த்தலாம், வேறிடத்தில் எழுப்பலாம். நூறாண்டு நின்ற மரத்தை எந்தப் பொறியியலாளர் இரண்டாண்டில் கட்டி முடிப்பார்? கொழும்பிலே காலிமுகத்திடலின் உலாவுபாதையை 1859 இல் அமைத்து முடித்த தேசாதிபதி ஹென்றி வார்ட், பெண்களினதும் பிள்ளைகளினதும் நலங்கருதி அதனைக் காக்குமாறு தமக்குப் பின் வருவோரைக் கல்லிற் பொறித்து வேண்டிக்கொண்டார். நமக்கோ அத்தகைய கல்லும் இல்லை, கட்டளையும் இல்லை.

பூங்கா நகரத்தாரின் பொழுதுபோக்கு, கமக்காரருக்கு அதனால் என்ன பயன் என்று எண்ணுதல் தவறு. வழக்குக்காகவும் வைத்தியத்துக்காகவும் காணி அலுவலுக்காகவும் விடியற்காலை பஸ் ஏறி நகருக்கு வரும் கமக்காரன், நண்பகல் வெய்யிலில் எங்கே அமர்வான்? நகரத்தானுக்கு அருகில் வீடு உண்டு. உத்தியோகத்தருக்கு மின்விசிறி உண்டு. கிராமத்தானுக்கு உள்ளது மரநிழல் ஒன்றே. மேலும், நிலையாய் ஓடும் ஆறு நம் குடாநாட்டில் இல்லை. மாரிமழை மண்ணூடே இறங்கிச் சுண்ணக்கல்லிலே தங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீரே நம் கிணறுகளின் உயிர். சீமெந்து பூசிய நிலத்தில் அம்மழை கானுக்குட் பாய்ந்து கடலைச் சேரும். பூங்கா ஒன்றினால் குடாநாட்டின் நீர்ப்பஞ்சம் தீராது. ஆனால் திறந்த மண்ணை மூடுந்தோறும் அப்பஞ்சம் வளரும்.

இவை யாவற்றிலும் பெரிய காரணம் ஒன்றுண்டு. கிணற்றிலும் கோயிலிலும் தேநீர்க் கடையிலும் எல்லோரும் சமமாய் நிற்க முடியாதிருந்த மண் இது. சமூகக் குறைபாடுகள் தடைச்சட்டம் 1957 இல் நிறைவேறிய பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் மக்கள் மறிக்கப்பட்டனர். குலம் கேளாத, கூலி கேளாத, உத்தியோகம் கேளாத ஒரு வாங்கு நகரின் நடுவே இருத்தல் சிறு காரியமன்று. ஒரே நிழலில் அருகருகே அமரப் பழகாத மக்கள், உரிமைக்காக ஒன்றாய் எழுவது எங்ஙனம்?

ஆதலால் மாநகர சபையிடமும் மாகாண நிருவாகத்திடமும் நாம் கேட்பன மூன்று. பழைய பூங்காவின் எல்லையை அளந்து வர்த்தமானியில் அறிவித்து, அதனுள் இனியொரு கட்டடமும் எழாது எனச் சட்டத்தால் உறுதி செய்க. அழகுப் புல்லுக்குச் செலவிடும் பணத்தை வேம்பும் மருதும் இலுப்பையும் நடுவதற்குச் செலவிடுக. குடிநீர், மலசலகூடம், மாலையில் வெளிச்சம் ஆகியவற்றை அமைத்துப் பெண்களும் முதியோரும் அஞ்சாது வந்துபோக வழிசெய்க.

நமக்கும் கடமை உண்டு. பொலித்தீன் பையை எறிந்து செல்பவன், பூங்காவைக் கேட்கும் உரிமையையும் அதனோடு எறிந்து செல்கின்றான். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளோடு அங்கே செல்லுங்கள். மக்கள் நடமாடும் நிலத்தை எவரும் எளிதிற் கவர்ந்துகொள்ளார். ஆளில்லாக் காணிக்கே அயலான் வேலியை நகர்த்துவான் என்பதை நம்மினும் நன்கறிந்தவர் யார்?