இடுப்பளவு ஒன்று போதாது

புதுவையில் சாரத்துப் பெண்ணொருத்தி காமராசர் சாலை வழியே நேரு வீதிக்குச் சென்று தனக்கொரு பேண்ட் வாங்க முற்படுவாளாயின், முதற் கடையில் 32 என்றும், அடுத்த கடையில் எக்ஸ்எல் என்றும், காந்தி வீதி ஞாயிறு சந்தையில் குவித்து விற்கும் ஆடைகளுள் ஒன்றில் 40 என்றும், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் அன்போடு கொடுத்த பொட்டலத்தில் 42 என்றும், தன்னுடைய ஒரே சரீரத்துக்கு நான்கு அடையாளங்கள் இடப்பட்டிருப்பதைக் காண்பாள். அந்த நான்கினுள் எதுவும் இந்தத் துணி எந்த இடுப்பையும், எந்தப் பின்புறத்தையும், எவ்வளவு கால் நீளத்தையும் மனத்தில் வைத்து வெட்டப்பட்டது என்று அவளுக்குச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பதும், அப்படிச் சொல்லச் செய்வதற்கு வேண்டிய சட்டத்தில் முக்காற்பங்கு ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம்.

பத்திரிகையில் விவாதிப்பதற்கு இது ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். தட்டாஞ்சாவடியிலும் மேட்டுப்பாளையத்திலும் சேதராப்பட்டிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்குக் காலையில் வேலைக்குச் செல்லும் பெண்களையும், பெட்ரோல் பங்குகளிலும் வணிக வளாகங்களின் வாயில்களிலும் நாள் முழுவதும் நிற்கும் பெண்களையும், காக்கி உடுத்திப் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் பெண் காவலர்களையும் அவர்கள் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன். இவர்களுக்கு பேண்ட் நாகரிகப் பொருள் அன்று, தொழிற்கருவி. குனிந்தால் பின்னிடுப்பு இறங்கிவிடுமோ என்று அஞ்சிச் சட்டையை இழுத்துக்கொண்டே இருப்பவளும், உட்கார்ந்தால் அடிவயிறு இறுகுவதால் எட்டு மணி நேரத்தையும் நின்றே கழிப்பவளும் படுகிற பாடு அற்பமானதென்று நான் கருதவில்லை. அதைவிட வேதனை தருவது, உடை பொருந்தாதபோது அந்தப் பெண் உடையைக் குறை கூறாமல் தன் உடம்பையே நொந்துகொள்வது. தைத்தவன் செய்த கணக்குப் பிழைக்கு உடுத்துகிறவள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

நம் பெண்களுக்கு இந்த இடர் புதிது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. புடவை எந்த உடம்பையும் ஏற்கும். பாவாடைக்கு நாடா, சல்வாருக்கும் நாடா. இடுப்பு ஐந்து சென்டிமீட்டர் பெருத்தாலும் சிறுத்தாலும் முடிச்சு அதற்கேற்ப இடம் கொடுத்துவிடும். உடம்பை நுணுக்கமாக அளந்து தைக்க வேண்டியிருந்த உடை ரவிக்கை ஒன்றுதான். அதற்கும்கூட அளவு நாடாவைக் காட்டிலும், பொருத்தமாக அமைந்துவிட்ட பழைய ரவிக்கை ஒன்றை 'அளவு ரவிக்கை' என்று தையற்கடையில் கொடுத்துவிடுவதே வழக்கமாயிற்று. ஆகையால் தன் மார்பளவைத் தயங்காமல் சொல்லக்கூடிய பெண்ணுக்கும், தன் பின்புறச் சுற்றளவு எவ்வளவு, உள்கால் நீளம் எவ்வளவு என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. நாடா இல்லாமல், தைத்த இடத்திலேயே நிற்கும் கீழுடையாகப் பெருவாரியான தமிழ்ப் பெண்களிடம் வந்து சேர்ந்தது பேண்ட்தான். அது உடம்பை முன்கூட்டியே அறிந்துகொண்டு வர வேண்டிய உடை.

தெருமுனைத் தையற்கடையில் ஒரு பெண்ணுக்கு பேண்ட் தைக்கும் அம்மாள் எப்படி அளக்கிறார் என்று கவனித்தால் இந்த விஷயத்தின் உட்பொருள் விளங்கிவிடும். இடுப்பு, சீட் எனப்படும் பின்புறம், தொடை, முட்டி, பாட்டம் எனப்படும் கால்வாய், மொத்த நீளம், உள்கால் நீளம் ஆகியவற்றை அளந்த பிறகு, முன்னிடுப்பில் நாடாவைத் தொடங்கி இரு கால்களுக்கும் இடையே செலுத்திப் பின்னிடுப்பு வரை கொண்டுவந்து எட்டாவதாக ஓர் அளவையும் எடுப்பவர்தான் கை தேர்ந்தவர். ஏனெனில் உட்காரும்போது இறுகுவதும் குனியும்போது இறங்குவதும் அந்த அளவிலே நேர்ந்த பிழையால்தான். ஆயத்த ஆடைக்காரர் இந்த எட்டையும் ஒற்றை எண்ணாகச் சுருக்குகிறார். சுருக்கட்டும், ஆயிரக்கணக்கில் தைப்பவருக்கு வேறு வழியில்லை. ஆனால் எதை எண்ணி அந்த எண்ணுக்கு வந்தார் என்பதை மறைப்பதற்கு அவருக்கு உரிமை ஏது?

இடுப்பு 80 சென்டிமீட்டர் உடைய இரு பெண்களை எடுத்துக்கொள்வோம். ஒருத்திக்குப் பின்புறச் சுற்றளவு 94, மற்றவளுக்கு 106. இருவருக்கும் 32 என்று எண்ணிட்ட பேண்டைத்தான் கடைக்காரர் எடுத்துப் போடுவார். அது முதலாமவளுக்கு அமைந்தால் இரண்டாமவளுக்குத் தொடையைத் தாண்டி ஏறாது. அவள் இரண்டு எண் கூட்டி வாங்கினால் பின்புறம் பொருந்திவிட்டு, இடுப்பில் நான்கு விரல் நுழையும்படி துணி விலகி நிற்கும். இந்த இக்கட்டில் சீட்டுக்குப் பொருந்துவதையே வாங்கி இடுப்பைப் பிடித்துக்கொள்வதே சரி. இடுப்புப் பட்டியைப் பிரித்துப் பின்தையலில் ஒடுக்குவது அரை மணி நேர வேலை, சீட்டில் துணி இல்லாத இடத்தில் துணியை வரவழைக்க எந்தக் கைகாரராலும் ஆகாது. ஆனால் லேபிலில் பின்புறச் சுற்றளவே இல்லாதபோது, அந்தப் பெண் உடை மாற்றும் அறைக்கும் அலமாரிக்கும் நடந்துகொண்டே இருக்கிறாள். அப்படியோர் அறையே இல்லாத ஞாயிறு சந்தையில், நின்ற இடத்திலேயே இடுப்பின் மீது வைத்துப் பார்த்து உத்தேசமாக வாங்கிக்கொண்டு போகிறாள்.

உடைக்கு இப்படி எண்ணிடும் வழக்கத்தின் வரலாறு என்ன? 1939, 1940 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க விவசாயத் துறையைச் சேர்ந்த ரூத் ஓ'பிரையனும் வில்லியம் ஷெல்டனும் ஏறக்குறைய 15,000 பெண்களை, ஒவ்வொருவரையும் 59 விதமாக அளக்கச் செய்து, அதன் முடிவுகளை 1941-இல் வெளியிட்டார்கள். பிரயாசை மகத்தானது, ஆயினும் வெள்ளையரல்லாத பெண்களின் அளவுகள் முடிவில் சேர்க்கப்படாமல் ஒதுக்கப்பட்டன. அந்த ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்டு 1958-இல் அங்கே ஒரு பிரமாணம் வகுக்கப்பட்டது. அதன்படி எண் 8 என்றால் இடுப்பு இருபத்து மூன்றரை அங்குலம். 1983-இல் அந்தப் பிரமாணமும் கைவிடப்படவே, ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டப்படி எண்ணிடத் தலைப்பட்டது. சிறிய எண் வாங்குபவளுக்கு மகிழ்ச்சி தரும் என்று கண்டுகொண்ட வியாபாரம், உடையைப் பெரிதாக்கிக்கொண்டே எண்ணைச் சிறிதாக்கியது. 1937-இல் 32 அங்குல மார்பளவுக்கு 14 என்று விற்ற உடை, 1967-இல் 8 ஆகி, 2011-இல் பூஜ்யம் ஆயிற்று. பெண்ணின் பெருமிதத்தை இப்படி விலைக்கு வாங்குவது அவளுக்குச் செய்யும் கௌரவம் என்று என்னால் ஒப்ப முடியவில்லை.

புதுவை மக்களுக்குப் பரிச்சயமான பிரெஞ்சு எண்களின் சங்கதி வேறு. பிரெஞ்சு 38, பிரிட்டனில் 10, ஜெர்மனியில் 36, இத்தாலியில் 42. அதே பிரான்சில்தான், பெண் ஆண்மகனைப்போல் உடுத்த விரும்பினால் காவல் தலைமையகத்தில் அனுமதி பெற வேண்டும் என்று 1800 நவம்பர் 7-ஆம் நாள் பாரிஸ் நகரத்துக்கு ஒரு கட்டளை பிறந்தது. கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் குற்றமில்லை என்று பின்னால் சற்றே தளர்த்தப்பட்ட அது, இனிச் செல்லாது என்று அமைச்சர் நஜாத் வலோ-பெல்காசெம் வாயால் அறிவிக்கப்பட்டது 2013 ஜனவரி 31-ஆம் நாள்தான். பெண் பேண்ட் அணியலாமா என்று கேட்ட சட்டம் ஏட்டில் உறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 2003 முதல் 2005 வரை அந்நாடு 11,562 பேரை அளந்து தன் மக்களின் உடலமைப்பை அறிந்துகொண்டது. ஐரோப்பியர் வகுத்த 13402 என்னும் தர நெறியோ, மனித உருவம் ஒன்றை லேபிலில் வரைந்து, எந்த இடத்தின் அளவு எத்தனை சென்டிமீட்டர் என்று அந்த உருவத்தின் மேலேயே குறிக்க வழி செய்தது. பெண்களின் பேண்டுக்கு இடுப்பை முதல் அளவாகவும், பின்புறம், உயரம், உள்கால் நீளம் ஆகியவற்றைத் துணை அளவுகளாகவும் அது கொண்டது. எழுத்தறியாதவளுக்கும் புரியக்கூடிய அந்தச் சிறு சித்திரத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

நம் நாடும் சும்மா இருக்கவில்லை. நிஃப்ட் என்று வழங்கும் தேசிய ஆடைத் தொழில்நுட்பக் கழகம், மத்திய ஜவுளி அமைச்சகத்தின் துணையோடு, 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 இந்தியரை ஆறு நகரங்களில் முப்பரிமாணக் கருவிகளால் அளப்பதென்று 'இந்தியா சைஸ்' திட்டத்தை வகுத்தது. வெளிநாட்டு உடம்புகளுக்கென்று வகுத்த அளவுகளைக் கடன் வாங்கித் தைத்துக்கொண்டிருந்த தொழிலுக்கு இது பெரிய உபகாரம். இதை மனமார வரவேற்கிறேன். எனினும் எவ்வளவு சிறந்த அட்டவணையும் சராசரியைத்தான் தரும். 94-க்கும் 106-க்கும் நடுவே 100 என்று அது எழுதிவைத்தால், நான் மேலே சொன்ன இரு பெண்களில் எவளுக்கும் அந்த பேண்ட் பொருந்தாது. தனக்கு எது பொருந்தும் என்று ஒருத்தி தானே தெரிந்துகொள்ளும்படியாக, வெட்டிய அளவு லேபிலில் எழுதப்பட்டிருப்பது ஒன்றே அவளுக்குப் பிரயோஜனப்படும்.

இங்கேதான் நான் முதலில் குறிப்பிட்ட முக்காற்பங்குச் சட்டம் வருகிறது. பொட்டலப் பொருள்களின் அளவு பற்றிய விதிகளில் 2022-ஆம் ஆண்டு மத்திய அரசு ஒரு திருத்தம் செய்தது. திறந்த நிலையில் விற்கப்படும் ஆயத்த ஆடைகளுக்குப் பல அறிவிப்புகளிலிருந்து விலக்களித்த அந்தத் திருத்தம், உற்பத்தியாளரின் பெயர் முகவரி, புகார் செய்வதற்குரிய தொலைபேசியும் மின்னஞ்சலும், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவற்றோடு, எஸ், எம், எல் என்ற குறியீட்டுடன் கூட சென்டிமீட்டரிலோ மீட்டரிலோ அளவையும் குறிப்பிட வேண்டும் என்பதை விலக்காமல் நிறுத்திவைத்தது. நல்ல விதி. ஆனால் எந்த உறுப்பின் அளவு என்று அது வற்புறுத்தாமையால், பெண்களின் பேண்டில் '81 செ.மீ.' என்று ஒற்றை எண்ணைப் பொறித்துவிட்டுக் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட இடமுண்டு. அது உடம்பின் அளவா, துணியின் அளவா என்பதும் தெரியாது. இரண்டும் ஒன்றல்ல, நீட்சியில்லாத பருத்தியில் உட்கார்ந்து எழ வேண்டிய இடத்துக்குச் சீட்டில் சில சென்டிமீட்டர் கூட்டியே வெட்டுவார்கள், எலாஸ்டேன் கலந்த துணியிலோ உடம்பைவிடக் குறைத்தும் வெட்டுவார்கள். நீலக் கினியா துணியைக் கப்பலேற்றிச் செனகலுக்கு அனுப்பியதும், 1898-இல் தொடங்கி 2020-இல் மூடப்பட்ட ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் சங்கொலியைக் கேட்டதுமான இந்த ஊரில், துணியை விரலால் தொட்டே அதன் தன்மையைச் சொல்லும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பேத்திகளுக்கு அந்தப் பயிற்சி கிடைக்க வழியில்லாமற் போயிற்று. அதன் இடத்தை லேபில்தான் நிரப்ப வேண்டும்.

ஆதலால் அந்த விதியில் ஒரு வரியைச் சேர்க்கும்படி கேட்கிறேன்: பெண்களின் பேண்ட் ஒவ்வொன்றிலும், இடுப்பு, பின்புறம், உள்கால் ஆகிய மூன்று அளவுகளும், எந்த உடம்புக்கென்று வெட்டப்பட்டதோ அந்த உடம்பின் அளவுகளாகவே, சென்டிமீட்டரில் பொறிக்கப்பட வேண்டும். வெட்டுகிற மேசையில் இம்மூன்றும் ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருப்பவையாதலால், தயாரிப்பவருக்கு இதனால் மைச் செலவைத் தவிர வேறு செலவில்லை.

வாங்குபவள் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒரு நாடாவும் பத்து நிமிஷமும் கேட்கும் காரியம். பேண்டின் பட்டி எந்த இடத்தில் நிற்க வேண்டுமென்று விரும்புகிறாளோ அங்கே, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் இடுப்பை அளக்கட்டும். கால்களைச் சேர்த்து நின்று, நாடா தரைக்கு இணையாகச் செல்லும்படி பின்புறம் மிகுதியாகப் பருத்த இடத்தை அளக்கட்டும். உள்காலைச் செருப்பின்றிக் கணுக்கால் எலும்பு வரை, தானே குனிந்து அளக்காமல் வேறொருவரைக் கொண்டு அளக்கட்டும், ஏனென்றால் குனிந்தால் அளவு மாறிவிடும். அளவு ரவிக்கை வழக்கத்தையும் விட்டுவிட வேண்டியதில்லை. நன்றாக அமைந்த பேண்ட் ஒன்றைத் தரையில் விரித்து, பட்டியின் அகலத்தையும் சீட்டின் அகலத்தையும் அளந்து இரட்டித்தால், இணையத்தில் வாங்கும்போது கடைக்காரர் தரும் துணியளவோடு ஒப்பிட அது மிகவும் உதவும்.

மத்திய விதி மாறும் வரை புதுவை அரசு காத்திருக்க வேண்டியதில்லை. தன் பெண் ஊழியர்களுக்கும் காவலர்களுக்கும் சீருடை கொள்முதல் செய்யும்போது, எஸ், எம், எல் என்று தலைக்கணக்கு கேட்பதற்குப் பதிலாக ஒவ்வொருவரின் மூன்று அளவுகளையும் எடுத்து, அவற்றை லேபிலில் பொறித்துத் தருபவருக்கே ஒப்பந்தம் என்று டெண்டரில் எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த சீருடைக் கொள்முதலிலேயே இதைத் தொடங்கலாம்.