சோலார் சார்ஜர்: வெயில் போதும், வாட் போதுமா?

திருச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. அதனால் சோலார் சார்ஜர் ஒன்று வாங்கிவிட்டால் செல்போனுக்கு இனி கரண்டே தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது வரும் பல செல்போன்களின் பேட்டரி 5000 எம்ஏஎச். மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். அதாவது ஏறத்தாழ 19 வாட் ஹவர். பவர் பேங்க்கின் முதுகில் ஒட்டியிருக்கும் உள்ளங்கை அளவு பேனல், உச்சி வெயிலிலும் ஒன்றிரண்டு வாட்தான் தரும். ஒரு போனை நிரப்பவே மூன்று நான்கு நாள் காயப்போட வேண்டும். இது பெயருக்குத்தான் சோலார்.

மடித்து வைக்கக்கூடிய 20 வாட் பேனல் அப்படியல்ல. பாதி கிடைத்தாலும் மூன்று மணி நேரத்தில் போன் நிரம்பிவிடும். ஆனால் வைக்கும் இடம் முக்கியம். ஸ்ரீரங்கத்து மொட்டை மாடியில் தென்னங்கீற்றின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே மின்சாரம் வெகுவாகக் குறையும். உள்ளே செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதே காரணம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைப்பதும் வீண். தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வையுங்கள்.

பேனல் வெயிலில் இருக்கட்டும். போன் நிழலில் இருக்கட்டும். லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும். பகலில் பவர் பேங்க்கை நிழலில் வைத்து நிரப்பி, இரவில் அதிலிருந்து போனுக்கு ஏற்றுவதே நல்லது.

கரண்ட் பில் குறையுமா? குறையாது. ஒரு யூனிட் மின்சாரத்தில் இதே போனை சுமார் 40 முறை சார்ஜ் செய்யலாம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது.

பிறகு எதற்கு இது? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. உறவினரிடம் "நலமாக இருக்கிறோம்" என்று சொல்லக்கூட போனில் சார்ஜ் இல்லை. அப்படிப்பட்ட நாளுக்குத்தான் சோலார் சார்ஜர். பணம் மிச்சம் பிடிக்க அல்ல.

கடைக்குப் போனால் எத்தனை எம்ஏஎச் என்று மட்டும் கேட்காதீர்கள். பேனல் எத்தனை வாட் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!