தாய்ப்பாலும் இல்லத்தின் அமைதியும்

‘பிள்ளைக்குப் பால் போதவில்லை’ என்ற பேச்சு எழுந்தால், பழி பெரும்பாலும் இளந்தாயின் மேலேயே விழுகின்றது. அவள் ஒழுங்காக உண்பதில்லை என்பார் ஒருவர். அவளுக்குப் பாசமே இல்லை என்பார் மற்றொருவர். அப்பழி தகுமா என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

மூளையில் உருவாகி, பிட்யூட்டரி சுரப்பியினின்று குருதியில் கலக்கும் இயக்குநீர் ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்ஸிடாசின். அமெரிக்க அறிஞர் வின்சென்ட் டு விக்னோ 1953-இல் இதனை ஆய்வுக்கூடத்தில் ஆக்கி, 1955-இல் நோபெல் பரிசு பெற்றார். பேற்றுக்குப் பின் நேரும் குருதிப்போக்கைத் தடுத்து, இம்மருந்து எத்தனையோ அன்னையரைக் காத்துவருகின்றது.

குழந்தை பால் குடிக்கையில், மார்பில் சுரந்துள்ள பாலை வெளியே தள்ளுவதும் இந்நீரே. அச்சமும் நோவும் மனக்கலக்கமும் அதனைத் தடுக்கும். இதனை அமெரிக்காவின் நியூட்டன் தம்பதியர் 1948-இல் ஆய்ந்து காட்டினர். பாலூட்டும் தாய்க்கு இடையூறு விளைவித்தபோது குழந்தைக்குக் கிடைத்த பால் குறைந்தது. இடையூற்றின் நடுவிலும் ஆக்ஸிடாசின் ஊசியிட்டபோது பால் பெருகியது. பால் வற்றிவிடவில்லை, அது வெளிவரும் வழியே அடைபட்டிருந்தது!

அங்ஙனமாயின், அன்புக்கும் ஓர் ஊசி போதுமே எனலாமா? இந்நீரை மூக்கில் தெளித்தால் பிறர்மேல் நம்பிக்கை வளரும் என 2005-இல் ஓர் ஆய்வு கூறியது. பின்வந்த ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. ஆட்டிசம் உடைய சிறுவர் சிறுமியர் 290 பேரிடையே நடந்து, 2021-இல் வெளியான ஆய்விலும், பிறரோடு பழகும் திறனில் இம்மருந்தால் தனிப்பயன் காணப்படவில்லை. உறவைக் குப்பியில் அடைத்து விற்க இயலாது அன்றோ?

எனவே, பிள்ளை பெற்றவளின் அறைக்குள் கடுஞ்சொல் நுழையாதிருக்கட்டும். இரவில் அழும் பிள்ளையைக் கணவர் சற்றே தோளில் சுமக்கட்டும். மாமியார் தம் பழைய துன்பங்களை நினைந்து மருமகளுக்கு ஆறுதல் கூறட்டும். இவ்வளவுக்குப் பின்னும் பிள்ளையின் எடை ஏறவில்லையெனில், யாரையும் குறை கூறாது உடனே மருத்துவரை நாடுவோம். காரணங்கள் வேறும் இருக்கலாம்.

தங்க இடமின்றித் தவித்த அவ்விரவில் தேவதாயின் அருகே துணையாய் நின்ற புனித சூசையப்பர், நம் இல்லத் தலைவர்களுக்கு வழிகாட்டுவாராக!