மலை யாருக்குச் சொந்தம்?

"மலையழகு காண்பது மாடி வீட்டாரின் பொழுதுபோக்கு, கூலிக்கு உழைக்கும் நமக்கு அது எதற்கு?" என்று கேட்கும் தோழர்கள் உண்டு. இப்படிக் கேட்க நம்மைப் பழக்கியவர் யார்? வெயில் தாளாத வெள்ளையன் உதகையிலும் கோடைக்கானலிலும் மாளிகை எழுப்பினான். அவன் போய்விட்டான், மலையென்றால் சீமான்களுக்கே என்ற எண்ணம் மட்டும் போகவில்லை!

கொல்லிமலைக்குப் போய்ப் பாருங்கள், தோழர்களே! நாமக்கல் மாவட்டத்திலே, காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறினால் மிளகுக்கொடி தழுவிய மரங்கள், பலா, வாழை. வாசலூர்ப்பட்டியிலே, குன்றுகளின் மடியிலே, படகு மிதக்கும் ஏரி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால், ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து இடியென விழும் அருவி. 'ஆகாய கங்கை' என்கிறார்கள். பாய்வது நம் ஐயாறு! குளிக்க வருபவனை, "உன் குலம் என்ன? கூலி என்ன?" என்று அந்த அருவி கேட்பதில்லை.

வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கடையெழு வள்ளல்களில் ஒருவன். வன்பரணர் பாடிய வில்லாளன். அவனைக் காரி கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூறு. செம்மேட்டிலே ஓரிக்குச் சிலை நிற்கிறது. ஆடியிலே அரசு விழா நடக்கிறது. நன்று! ஆனால் மாலை போட்டால் போதுமா?

அன்று மலையைப் பறித்தது போர். இன்று பறிப்பது சந்தை! சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளிலே மரவள்ளி பரவிவிட்டது. கிழங்கு கீழே ஜவ்வரிசி ஆலைக்கு இறங்குகிறது. விலை சொல்பவன் விளைவித்தவன் அல்லன். பாக்சைட்டுக்காக மலையின் நெற்றியையே வெட்டிய காலமும் உண்டு.

ஆலைத் தொழிலாளிக்கு நியாயமான கூலி கேட்கும் நாம், மலைத் தொழிலாளியை மறக்கலாமா? 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அவனுக்குரிய நிலவுரிமை முழுதும் கிடைக்கட்டும். சாமைக்கும் மிளகுக்கும் கட்டுபடியாகும் விலை கிடைக்கட்டும்!

ஆகவே போங்கள், குடும்பத்தோடு போங்கள். அருவிக்கரையிலே பாட்டிலை உடைக்காதீர்கள். ஏரியிலே குப்பையை எறியாதீர்கள். மிளகு வாங்கினால் விளைவித்தவன் கையிலேயே வாங்குங்கள். பேரம் பேசி அவன் வயிற்றில் அடிக்காதீர்கள். அழகைக் கண்டுவிட்டு, அந்த மண்ணிலே பாடுபடுகிறவனைக் காணாமல் திரும்பாதீர்கள்!