ஒரு காசும் ஓராயிரம் சுமையும்

திருப்பூரை அடுத்த பெருமாநல்லூரில், மின்கட்டண உயர்வை எதிர்த்து எழுந்த உழவர் மூவர் 1970-இல் காவலரின் துமுக்கிச் சூட்டுக்கு இரையாயினர். அன்று உயர்ந்தது அலகுக்கு ஒரே ஒரு காசு! அம்மண்ணை இன்று அணுகும் இடர் காசுக் கணக்கில் அடங்காது.

2025 அக்தோபரில் நடுவணரசு வெளியிட்ட மின்விசைச் சட்டத் திருத்த வரைவு, உள்ள கம்பிகளைக் கொண்டே தனியார் பலரும் மின்விசை விற்க வழி வகுக்கிறது. கம்பமும் கம்பியும் மக்கள் பணம், ஊதியமோ வந்தவர்க்கு! அவர்கள் தேடி வருவது கூலித் தொழிலாளியின் ஓட்டு வீட்டையா? பின்னலாடை ஆலைகளையுந்தானே? ஆலைகள் கூடுதலாக இறுக்கும் தொகையே வீடுகளின் கட்டணத்தைத் தாழ்த்தி வைத்துள்ளது. அக்கூடுதலை ஐந்தாண்டுகளில் அறவே நீக்கச் சொல்கிறது வரைவு.

2022-இலிருந்து ஏறிய கட்டணத்தால் நொந்த சிறுதொழிலார்க்கு இஃது இனிக்கலாம். அவர்கள் குறை மெய்யே. எனினும், குறையும் தொகையை எவர் இறுப்பது? தையற்பொறி ஓடும் வீடு இறுக்க வேண்டும். அன்றேல் தமிழக அரசு இறுக்க வேண்டும். இரு திங்களுக்கு ஒருமுறை வீடுகட்கு 100 அலகை 2016-இலும், விசைத்தறிகட்கு 1000 அலகை 2023-இலும் கட்டணமின்றித் தர ஏற்றது அவ்வரசே.

மின்விசையைப் பொதுப்பட்டியலினின்று மீட்டு மாநிலப் பட்டியலில் சேர்க்கக் கேட்பதற்குத் தமிழகக் கட்சிகள் இன்னும் எதற்குக் காத்திருக்கின்றன?