கிணற்றில் கிடைத்தது திமிங்கலப் பல்லா?

''கிணறு தூர்வாரும்போது, பல் போல வளைந்த கல் ஒன்று கிடைத்தது. 'கல்லாகிப்போன திமிங்கலப் பல்; லட்சக்கணக்கில் விலை போகும்' என்று சொல்லும் ஒருவர், பரிசோதனைக்கு முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?''

- வாசகர், குற்றாலம்.

கொடுக்க வேண்டாம். காரணம், தென்காசி வட்டாரப் பாறையிலேயே இருக்கிறது. குற்றால அருவி விழும் மலையும், சுற்றியுள்ள நிலத்தின் அடிப்பாறையும் 50 கோடி ஆண்டுகளுக்கும் பழமையானவை. பூமிக்கு அடியில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியவை. திமிங்கல இனமே தோன்றி சுமார் 5 கோடி ஆண்டுகள்தான் ஆகின்றன. மேல்மண்ணும் பாறை சிதைந்தும், ஓடைகள் அடித்து வந்தும் சேர்ந்தது. கடல் படிவு அல்ல.

கடல் படிவுகளுக்குப் பெயர்போன அரியலூரில்கூட சுறாப் பற்களும், சுருண்ட ஓடுகொண்ட அம்மோனைட்களும்தான் கிடைக்கின்றன. அந்தப் படிவுகள் திமிங்கலங்களுக்கு முந்தைய காலத்தவை. இந்தியாவில் ஆதித் திமிங்கலங்களின் எலும்புகள் கிடைத்த இடம், குஜராத்தின் கட்ச் பகுதி.

எண்ணெய்த் திமிங்கலத்தின் பல்லுக்குச் சில அடையாளங்கள் உண்டு. கூம்பு வடிவில் லேசாக வளைந்திருக்கும். நீளம் பெரும்பாலும் 10 முதல் 20 செ.மீ. வேர்ப் பக்கம் கூம்பாகக் குழிந்திருக்கும். குறுக்கே உடைந்த இடத்தில், மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்குகள் தெரியும். கல்லாகிவிட்ட பல், சாதாரணப் பல்லைவிடக் கனமாக இருக்கும். பெரு நாட்டுப் பாலைவனத்தில் 2008-ம் ஆண்டு கிடைத்த, இதே கூட்டத்தைச் சேர்ந்த பழங்காலத் திமிங்கலத்தின் பல் 36 செ.மீ நீளம். அந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த இடம்.

கிணற்றில் கிடைத்தது வெங்கச்சங்கல்லாகவோ, சுக்கான்கல்லாகவோ இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணாடித் துண்டில் உரசினால் கீறல் விழுகிறதா? வெங்கச்சங்கல்லாக இருக்கலாம். உள்ளே வளையமோ, குழியோ இல்லாமல் ஒரே மாதிரி இருந்தால் அது பல்லே அல்ல. மெல்லும் பக்கம் தட்டையாக, மடிப்பு மடிப்பாக இருந்தால் மாட்டுப் பல் அல்லது குதிரைப் பல். செங்கல் அளவில், வரிவரியாக மேடுகள் இருந்தால் யானையின் கடைவாய்ப் பல்லாக இருக்கலாம். மலையடிவார ஓடைகளில் அதற்கும் வாய்ப்பு உண்டு.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. யானையும் எண்ணெய்த் திமிங்கலமும் 1972-ம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் உள்ளவை. அவற்றின் உடல் பாகங்களை விற்றாலும் வாங்கினாலும் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை உண்டு. 'திமிங்கலப் பல்' என்று சொல்லி விலை பேசுவதே வம்பை விலைக்கு வாங்குவதுதான்.

செய்ய வேண்டியது இதுதான். கல்லை உடைக்கவோ, ஆசிட் ஊற்றவோ வேண்டாம். பக்கத்தில் அளவுகோல் வைத்து நான்கு புறமும் படம் எடுங்கள். எத்தனை அடி ஆழத்தில், எந்த மண்ணில் கிடைத்தது என்று எழுதி வையுங்கள். அந்தப் படங்களைத் திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்தில் காட்டிக் கேளுங்கள். யானைப் பல் போலத் தெரிந்தால், உடனே வனத்துறைக்குத் தகவல் கொடுத்துவிடுங்கள்.